கல்லின் மறுமொழி

ஓர் இசைத்தட்டைப் பற்றி எழுதப் புகுவோர் பாடியவர் யார், இசையமைத்தவர் யார், உடன் இசைத்த கருவிகள் எவை என்னும் மூன்று வினாக்களை எழுப்பி விடை கண்டுவிட்டால் தம் கடமை முடிந்ததாகக் கருதுவது வழக்கம். எங்கே பாடப்பட்டது என்னும் நான்காம் வினாவைப் பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. அமெரிக்காவைச் சேர்ந்த கப்பெல்லா ரொமானா என்னும் பாடகர் குழு 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஹாகியா சோபியாவின் இழந்த குரல்கள்' என்னும் தட்டில் அந்த நான்காம் வினாவே முதல் வினாவாகிவிடுகிறது. அத்தட்டில் உள்ள பாடல்கள் ஹாகியா சோபியாவில் பாடப்பட்டவை அல்ல. ஆயினும் அந்தப் பேராலயத்தின் ஒலியோடுதான் அவை நம் செவிக்கு வருகின்றன.

இது எவ்வாறு இயன்றது என்பதைச் சுருங்கச் சொல்லுவோம். பேரரசர் ஜஸ்டினியன் 537-இல் எழுப்பிய அவ்வாலயம் 1453-இல் மசூதியாயிற்று. பின்னர் 1930-களில் அருங்காட்சியகமாயிற்று. 2020-இல் மீண்டும் மசூதியாயிற்று. அங்கே பாடிப் பார்க்க அனுமதி கிடைப்பதில்லை. எனவே ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கலை வரலாற்றாசிரியர் பிஸெரா பென்ச்சேவாவும் ஒலியியல் அறிஞர் ஜொனத்தன் ஏபலும் வேறொரு வழி கண்டனர். கட்டடத்தினுள் ரப்பர் பலூன்கள் உடைக்கப்பட்டன. ஊசி பட்டு வெடிக்கும் அந்தக் கணநேர ஒலிக்குக் குவிமாடமும் பளிங்குச் சுவர்களும் தந்த நீண்ட மறுமொழி பதிவு செய்யப்பட்டது. ஒரு கட்டடம் ஒரு கண ஒலிக்கு எவ்வாறு மறுமொழி தருகிறது என்று தெரிந்துவிட்டால், எந்த ஒலிக்கும் அது தரக்கூடிய மறுமொழியைக் கணிப்பொறியால் கணக்கிட்டுவிடலாம். கலிபோர்னியாவில் நின்று பாடிய பாடகர்கள் அவ்வாறு கணக்கிடப்பட்ட மறுமொழியைப் பாடும்போதே கேட்டுக்கொண்டு பாடினர். ஆகவே இது பாடி முடித்த பின்னர் மேலே பூசப்பட்ட சாயம் அன்று. கட்டடம் சொன்னதைக் கேட்டுப் பாடகர் தம் நடையை மாற்றிக்கொண்ட பாட்டு.

கேட்டுப் பார்த்தால் நமக்கு முதலில் தோன்றுவது வியப்பு. செப்டம்பர் 14-இல் கொண்டாடப்படும் திருச்சிலுவை மகிமை விழாவுக்குரிய கிரேக்கப் பாடல்கள் அவை. ஓர் எழுத்து ஒலித்து அடங்கப் பத்து விநாடிக்கும் மேல் ஆகிறது. முதற்சுரம் இன்னும் காற்றில் நிற்கையிலேயே இரண்டாம் சுரமும் மூன்றாம் சுரமும் வந்து அதனோடு சேர்கின்றன. ஒரே குரல் வரிசையாகப் பாடியது ஒரே வேளையில் பலர் பாடியதுபோல் ஒலிக்கிறது. அடியில் 'ஐசன்' எனப்படும் ஒற்றைச்சுரம், நம் தம்புராவைப் போல, அசையாமல் நிற்கிறது. இவ்வளவு நீண்ட முழக்கத்தில் பாடகன் சுருதியை இழந்துவிடாமல் காப்பது அந்த ஒற்றைச்சுரமே. பாட்டின் வேகமும் அவ்வாறே குறைகிறது. ஒரே உயிரெழுத்தின்மேல் பல சுரங்களை ஏற்றி இழைக்கும் அந்த மரபை அழகுக்காக மட்டும் வளர்ந்தது என்று இனி நாம் எண்ணமாட்டோம். மெய்யெழுத்துகள் விரைந்து வந்தால் குழம்பிப்போகும் ஓர் இடத்தில், உயிரெழுத்தை நீட்டுவதே பாடகனுக்கு எஞ்சிய வழி.

ஆனால் வியப்பு அடங்கியபின் ஐயம் எழுகிறது. பலூன்கள் உடைக்கப்பட்டது மக்கள் இல்லாத அருங்காட்சியகத்தில். வழிபாடு நிகழ்ந்த காலத்தில் அங்கே ஆயிரக்கணக்கானோர் நின்றிருப்பர். திரைகளும் பட்டாடைகளும் இருந்திருக்கும். மனித உடலும் துணியும் ஒலியை உறிஞ்சுபவை. எனவே இத்தட்டு நமக்குக் காட்டுவது விழாநாளின் ஆலயத்தை அன்று, ஆளொழிந்த ஆலயத்தை. இது தட்டின் குறை என்று நாம் சொல்லவில்லை. இதைக் கேட்டு, 'பைசாந்தியத்தின் உண்மையான ஒலி மீண்டுவிட்டது' என்று கொண்டாடுவோர் ஒரு படி அதிகமாகத் தாண்டுகின்றனர் என்பதே நம் கருத்து. விண்ணகமே இறங்கிவந்ததுபோன்ற அந்த ஒலியில் கிரேக்கம் அறிந்தவர்க்கும் ஒரு சொல்கூடத் தெளிவாக விளங்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மறைபொருள் முழுமையாக இருக்கிறது, சொல் இல்லை.

மறைபொருளும் சொல்லும் ஒரே கூரையின்கீழ் வாழ முடியுமா என்னும் இவ்வினா திருச்சபையின் இசை வரலாறு முழுவதும் ஓடுகிறது என்பது நம் எண்ணம். நம்பிக்கை கேள்வியால் பிறப்பது என்று உரோமையருக்கு எழுதியவர், கேட்பவன் எந்த மண்டபத்தில் அமர்ந்திருப்பான் என்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. அந்நாளில் சபை வீடுகளில் கூடியது. மன்னர்கள் மண்டபம் கட்டித் தந்தபின் எழுந்த சிக்கல் இது.

சிக்கலின் அளவை முதன்முதல் அளந்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இளம் பௌதிக ஆசிரியர் வாலஸ் சாபின். 1895-இல், அங்கே புதிதாகக் கட்டப்பட்ட விரிவுரை மண்டபம் ஒன்றில் பேசுவது எவர்க்கும் விளங்காமற்போகவே, அதைச் சீர்செய்யும் பொறுப்பு அவரிடம் வந்தது. ஓர் ஆர்கன் குழலையும் ஒரு நேரக்கருவியையும் தம் செவியையும் மட்டும் கொண்டு, ஊர் அடங்கிய இரவு வேளைகளில், பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைக் கொணர்ந்து அடுக்கியும் எடுத்தும் அவர் அளந்தார். மெத்தையில்லாத மண்டபத்தில் ஒலி அடங்க ஐந்தரை விநாடி ஆயிற்று. மண்டபத்தின் கன அளவு பெருகினால் எதிர்முழக்கம் பெருகும். உறிஞ்சும் பொருள் பெருகினால் அது குறையும். இவ்வளவே அவர் கண்ட விதி. ஒலியின் ஆற்றல் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைய ஆகும் காலமே எதிர்முழக்கக் காலம் என்று இன்றும் வழங்குகிறது. 1900-இல் திறக்கப்பட்ட பாஸ்டன் இசையரங்கு இவ்விதியைக் கொண்டு திட்டமிடப்பட்டது; மக்கள் நிறைந்திருக்கையில் அங்கே அக்காலம் இரண்டு விநாடிக்குச் சற்றுக் குறைவு. உறிஞ்சும் திறனுக்கு அவர் வைத்த அலகு நமக்கு மிகவும் பிடித்தமானது: திறந்த சன்னல். சன்னல் வழியே வெளியேறிய ஒலி திரும்புவதில்லை அல்லவா? இதற்குப் பின்னர் வருவோம்.

கிரகோரியன் இசை கல்மண்டபத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. குருமடத்தில் அதைப் பயின்றவர்கள் தொண்டையாலேயே அறிவார்கள். திருப்பாடல் அடியின் நடுவே விடப்படும் அந்த நிறுத்தம், முற்பாதி காற்றில் கரைவதற்குரிய இடைவெளி. அதைச் சுருக்கிவிடும் குழு அவசரக் குழு என்று உடனே தெரிந்துவிடும். பாரிஸ் நோத்ருதாமில், 1163-இல் தொடங்கிய கட்டுமானத்தின் நிழலிலேயே, லெயோனினும் அவருக்குப் பின் பெரொத்தினும் பழைய பண்ணின் ஒவ்வொரு சுரத்தையும் தூணைப்போல் நீட்டி நிறுத்தி, அதன்மேல் மற்றக் குரல்களைப் படரவிட்டனர். சுரக்கூட்டு நெடுநேரம் மாறாமல் நிற்கும் இசை அது. ஆகவே முழக்கம் அதைக் கெடுப்பதில்லை, நிறைக்கிறது.

பதினாறாம் நூற்றாண்டில் சிக்கல் முற்றியது. பல்குரலிசை வளர்ந்து, நான்கு குரல்கள் நான்கு வேறு சொற்களை ஒரே நேரத்தில் சொல்லும் நிலை வந்தபோது, திரெந்து பொதுச்சங்கத்தின் தந்தையர் கவலையுற்றனர். 1562 செப்டம்பரில் அவர்கள் விவாதித்த முன்வரைவில், திருவழிபாட்டின் சொற்கள் எல்லார்க்கும் விளங்க வேண்டும் என்னும் கருத்து இருந்தது. இறுதி ஆணையில் தகாத இசையை விலக்குமாறு மட்டும் கூறப்பட்டது. இதன்பின் பிறந்ததுதான் நாமெல்லாம் கேட்டு வளர்ந்த பலஸ்திரீனா கதை. 'திருத்தந்தை மார்செல்லுஸ் திருப்பலி' என்னும் தம் படைப்பால் அவர் திருச்சபையின் பல்குரலிசையையே தடையிலிருந்து மீட்டார் என்று 1607 முதல் அச்சேறி வரும் கதை அது. பதிவேட்டில் இருப்பது வேறு. 1565 ஏப்ரல் 28 அன்று பாப்பரசரின் பாடகர்கள் கர்தினால் விட்டெல்லோத்சியின் இல்லத்தில் கூடிச் சில திருப்பலிப் பாடல்களைப் பாடினர். சொற்கள் விளங்குகின்றனவா என்று சோதிக்கப்பட்டது. எவருடைய பாடல்கள் என்று அக்குறிப்பு சொல்லவில்லை.

இக்கதையைத் திருத்திய வரலாற்றாசிரியர்கள் பலர். ஆனால் அச்சோதனை ஒரு கர்தினாலின் இல்லத்தில் நடந்தது என்பதன் பொருளை நின்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. தரைவிரிப்புகளும் சுவர்த் தொங்கல்களும் நிறைந்திருக்கக்கூடிய ஓர் அறையில், சில அடித் தொலைவில் அமர்ந்து கேட்டால், எந்தப் பாட்டின் சொல்தான் விளங்காது? நாற்பது மீட்டர் நீளமும் இருபது மீட்டர் உயரமும் கொண்ட சிஸ்டைன் சிற்றாலயத்தில் அது விளங்குமா என்பதல்லவா வினா? கர்தினால்மார் இசையைச் சோதித்தனர், கட்டடத்தைச் சோதிக்கவில்லை. மார்செல்லுஸ் திருப்பலியின் மேன்மை, நம் கருத்தில், அறையில் நடந்த எந்தத் தேர்வையும் சார்ந்தது அன்று. சொற்கள் மிகுந்த 'உன்னதங்களிலே' கீதத்திலும் விசுவாச அறிக்கையிலும் ஆறு குரல்களையும் பெரும்பாலும் ஒரே அசையில் ஒன்றாக நகர்த்துகிறார் பலஸ்திரீனா. சொற்கள் குறைந்த 'ஆண்டவரே இரக்கமாயிரும்' பாடலிலோ குரல்களைத் தனித்தனியே உலவ விடுகிறார். சொல் வேண்டிய இடத்தில் சொல்லைத் தந்து, வேண்டாத இடத்தில் கல்லுக்கு விட்டுக்கொடுக்கும் இந்தப் பகுத்தறிவே அப்படைப்பின் உயிர். கல்மண்டபத்தில் நெடுநாள் பாடிப் பழகிய ஒருவர்க்கன்றி இது வாய்க்காது.

வெனிஸ் நகரத்துப் புனித மாற்கு ஆலயத்தைப் பற்றியும் ஒரு கதை உண்டு. இசைத்தட்டு உறைகளின் பின்புறம் அது அழியா வாழ்வு பெற்றுவிட்டது. எதிரெதிரே இரண்டு ஆர்கன் மாடங்கள். அவற்றில் இரண்டு பாடகர் குழுக்கள். நடுவே நின்ற மக்களை இடமும் வலமுமாக இசை மாறி மாறி வந்து தழுவியது. இவ்வாறு கட்டடமே இரட்டைக் குழு இசையைப் பெற்றெடுத்தது என்பது அக்கதை. பிளாந்தர் நாட்டவரான அத்ரியான் வில்லார்ட் 1527-இல் அங்கே இசைத் தலைவரானார், 1550-இல் அவருடைய இரட்டைக் குழுத் திருப்பாடல்கள் அச்சாயின, இவை உண்மை. ஆனால் குழுவைப் பிரித்துப் பாடும் வழக்கம் வெனிசுக்கு வெளியே, வட இத்தாலியின் வேறு நகரங்களிலும் அதற்கு முன்னரே இருந்தது. மேலும், டெபோரா ஹவார்டும் லவுரா மொரெத்தியும் 2007-இல் கேம்பிரிட்ஜ் பாடகர் குழு ஒன்றை வெனிசுக்கு அழைத்துச் சென்று, பழைய ஆலயங்களில் பாடச் செய்து கேட்டு, 2009-இல் நூலாக எழுதியுள்ளனர். நடுமண்டபத்தில் நின்றவர்க்கு ஒலி குழம்பியது. பீடப் பகுதியில் அமர்ந்தவர்க்கே தெளிவாயிற்று. அங்கே அமர்ந்தவர் யார்? தோஜ் எனப்படும் குடியரசுத் தலைவரும் அவருடைய அவையினரும். சன்சொவீனோ என்னும் சிற்பி 1530-களிலும் 40-களிலும் பாடகர்க்கென்று அமைத்த இரு மாடங்கள் பீடப் பகுதியிலேயே இருக்கின்றன.

இதை நாம் வருத்தத்தோடுதான் படிக்கிறோம். மக்களைத் தழுவியதாக நாம் எண்ணியிருந்த இசை, ஆள்வோரின் செவிக்கு அளந்து தரப்பட்டிருக்கிறது. சொல்லப்போனால், அது தோஜின் சொந்தச் சிற்றாலயம். 1807 வரை மறைமாவட்டப் பேராலயமே அன்று. ஓர் ஆலயத்தில் எந்த இருக்கையில் நன்றாகக் கேட்கிறது என்று பார்த்தால், அந்த ஆலயம் யாரை முன்னிட்டுப் பாடுகிறது என்பது தெரிந்துவிடும்.

ஆயினும் கட்டடம் இசையை ஆள்கிறது என்பதற்கு வெனிசைவிட நேர்த்தியான சான்று இல்லை. கதையில் அன்று, இலக்கணத்தில். வில்லார்டின் மாணவர் சர்லீனோ 1558-இல் எழுதிய இசை நூலில் ஒரு விதி வகுக்கிறார்: பிரிந்து நிற்கும் குழுக்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் இருப்பதால், ஒவ்வொரு குழுவும் தன்னளவில் இசைவு நிறைந்ததாக இருக்க வேண்டும், எல்லாக் குழுக்களும் சேர்ந்து பாடும்போது அவற்றின் அடிக்குரல்கள் ஒரே சுரத்தில் நிற்பது நலம். ஏன்? ஒரு குழுவின் அருகில் நிற்பவனுக்கு மற்றக் குழுவின் அடிக்குரல் எட்டாது. அது எட்டாவிட்டால் அவன் கேட்கும் சுரக்கூட்டு அடித்தளம் இல்லாத வீடுபோல் ஆடும். கேட்பவன் எங்கே நிற்கிறான் என்பதைக் கருதி எழுதப்பட்ட இசை விதி இது. ஜியோவான்னி கபிரியேலி இவ்விதியின் முழுப் பயனையும் கண்டவர். 1597-இல் அச்சான அவருடைய 'மென்மையும் வன்மையும்' என்னும் கருவியிசை, எந்தக் கருவி எங்கே வாசிக்க வேண்டும், எங்கே மெல்ல, எங்கே உரக்க என்று அச்சிலேயே குறித்த முன்னோடிப் படைப்புகளுள் ஒன்று. அவர் மறைந்தபின் 1615-இல் வெளியான 'இன் எக்லேசியிஸ்' என்னும் பெரும்படைப்பில் அல்லேலூயா திரும்பத் திரும்ப வருகிறது. தனிக்குரலுக்குப் பின் எல்லாரும் சேரும் இடங்களில் சுரக்கூட்டுகள் அகலமாக, மெதுவாக நகர்கின்றன. உலர்ந்த ஒலிப்பதிவுக்கூடத்தில் இதைப் பாடிய தட்டுகளும் உண்டு. அவற்றைக் கேட்டால் ஒவ்வொரு பகுதிக்கும் நடுவே கதவைச் சாத்தியதுபோல் இருக்கிறது. அங்கே எழுதப்படாமல் விடப்பட்ட இசையைக் கல் எழுதும் என்று கபிரியேலி நம்பியிருந்தார்.

இனி லைப்சிக். ஒலியியல் அறிஞரான ஆங்கிலேயர் ஹோப் பாகனல் 1930-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று இன்றுவரை விவாதிக்கப்படுகிறது. புனித தோமையார் ஆலயம் கோதிக் கட்டடம். லூத்தரன் சபையினர் அதை ஏற்றபின், மறையுரையை மக்கள் கேட்க வேண்டும் என்பதற்காக மாடிகளும் மர அடைப்புகளும் மர இருக்கைகளும் அதனுள் நிறைந்தன. மரமும் மக்களும் ஒலியை உறிஞ்ச, எதிர்முழக்கம் வெகுவாகக் குறைந்தது. அதனால்தான் 1723 முதல் 1750 வரை அங்கே பணியாற்றிய பாக், விரைவாக மாறும் சுரக்கூட்டுகளையும் ஓடும் அடிக்குரல்களையும் எழுத முடிந்தது; கல்லின் முழக்கத்தை மரத்தால் அடக்கிய அச்செயல் இசை வரலாற்றின் தலையாய நிகழ்ச்சி என்ற அளவுக்குப் போகிறார் பாகனல்.

மறையுரைக்காக வைத்த மரம் இசையை மாற்றியது என்னும் இக்கருத்து கத்தோலிக்கரான நமக்குச் சற்று உறைக்கத்தான் செய்கிறது. நாம் அதை விருப்பத்தோடே ஏற்கிறோம். ஆனால் முழுமையாக அன்று. பாக் தம் கலையை லைப்சிக்கில் கற்கவில்லை. வைமார் அரண்மனைச் சிற்றாலயத்தில், கூரையை ஒட்டி அமைந்த உயர்ந்த மாடத்திலிருந்து இசைத்த ஆண்டுகளிலேயே அவருடைய பியூக் இசை முதிர்ந்துவிட்டது. 'நேர்த்தியாய்ச் சுருதி கூட்டிய கருவி' என்னும் தொகுப்பின் முதற்பகுதி கோதன் அரசவையில் இருக்கையில் 1722-இல் முடிந்தது. அறை இசையை ஈன்றது என்பது மிகை. ஏற்கெனவே பிறந்திருந்த இசையை அந்த அறை வாழவிட்டது என்பதே பொருந்தும். 1727-இல் பெரிய வெள்ளியன்று அங்கே முதலில் ஒலித்த மத்தேயு பாடுகளில், ஒரு குழு வினவ மறு குழு விடைதரும் தொடக்கப் பாடலை எண்ணிப் பாருங்கள். 'யாரை?' என்னும் வினா ஒற்றைச் சொல்லாக இடைவெட்டி எழுகிறது. பத்து விநாடி முழங்கும் ஆலயத்தில் அவ்வினா கரைந்தே போகும். ஏனெனில் வினாவுக்கு வேண்டியது அதன்பின் வரும் அமைதி. இன்று பெரிய கல்லாலயங்களில் பாகின் பி-மைனர் திருப்பலியை விழாவாகப் பாடுவதைப் பெருமையாகக் கொள்கின்றனர். முதற்பகுதியின் முடிவில் வரும் அந்த விரைந்த பியூக் அங்கே ஒரு பெரும் இரைச்சலாகிவிடுகிறது. பாடகர் வேர்க்கின்றனர், மக்கள் பணிவோடு பொறுத்திருக்கின்றனர். இது பாகுக்குச் செய்யும் மரியாதை என்று நம்மால் சொல்ல முடியவில்லை.

இவையெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கும் வாசகர்க்கு நம் ஆலயங்களையே காட்டுவோம். 1896-இல் இன்றைய உருப்பெற்ற சாந்தோம் பேராலயம், திருச்சி லூர்து அன்னை ஆலயம் போன்றவை கோதிக் கட்டடங்கள். இலத்தீன் திருப்பலிக்காக, உயரமான முகட்டோடு எழுந்தவை. 1963 டிசம்பர் 4 அன்று வெளியான திருவழிபாட்டு ஏடு, கிரகோரியன் இசைக்கு முதன்மை தந்துகொண்டே, மக்கள் அனைவரும் உணர்ந்து பங்கேற்க வேண்டும் என்று வற்புறுத்தியது. ஆலயம் கட்டுவோரும் அதையே கருத வேண்டும் என்றது. வழிபாடு தமிழுக்கு வந்தது. கட்டடம் இலத்தீனிலேயே நின்றுவிட்டது.

தமிழுக்கென்று இங்கே ஒரு தனித்தொல்லை உண்டு. நம் இலக்கண ஆசிரியர்கள் எழுத்தைக் கண்ணிமைக்கும் பொழுதாலும் கைந்நொடிக்கும் பொழுதாலும் அளந்தவர்கள். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்னும் மாத்திரைக் கணக்கில்தான் நம் மொழியின் பொருளே தங்கியிருக்கிறது. கல் வேறு, கால் வேறு. படு வேறு, பாடு வேறு. நீண்ட எதிர்முழக்கமோ எல்லாக் குறிலையும் நெடிலாக்குகிறது. படு என்பதற்கும் பட்டு என்பதற்கும் உள்ள வேறுபாடு, நடுவே மூச்சு அடைபட்டு நிற்கும் ஒரு கண அமைதி. அந்த அமைதியைக் கல்லின் முழக்கம் நிரப்பிவிடுகிறது. இலத்தீன் பண்ணை நீட்டிப் பாடினால் அழகு கூடிய அதே மண்டபத்தில், விரைந்த மெட்டில் அமைந்த தமிழ்ப்பாட்டு சொல்லிழந்து நிற்பதன் காரணம் இது. பாடகர் குழுவின் உச்சரிப்பை மட்டும் குறைகூறிப் பயனில்லை.

இதற்கு நாம் கண்ட மருந்து ஒலிபெருக்கி. மருந்தே நோயாயிற்று. ஒலியை உரக்கச் செய்தால் எதிர்முழக்கமும் அதே அளவு உரத்துவிடும். அடங்கும் காலம் சற்றும் குறையாது. பீடத்தருகே ஒரு பெட்டி, முப்பது மீட்டர் தள்ளி வாசலருகே ஒரு பெட்டி என்று வைத்தால், மின்கம்பி வழியே சொல் உடனே பின்பெட்டிக்கு வந்துவிடுகிறது. முன்பெட்டியின் அதே சொல் காற்றில் நடந்து விநாடியின் பன்னிரண்டில் ஒரு பங்கு கழித்து வருகிறது. பின்வரிசை மக்கள் ஒரே மறையுரையை இருமுறை கேட்கின்றனர். ஒருமுறை கேட்பதற்கே பொறுமை வேண்டும் என்பதை மறையுரை ஆற்றுவோராகிய நாம் அறிவோம். இவற்றோடு, முழக்கம் ஏற்கெனவே மிகுந்த ஆலயத்தில், கீபோர்டின் 'எக்கோ' பொத்தானையும் திருகி வைக்கும் பாடகர் குழுக்களை என்னென்பது! திரையிசைப் பதிவுக்கூடத்தின் மெத்தைச் சுவர்களுக்குள் தேவைப்பட்ட பொத்தான் அது. கல்முகட்டின்கீழ் அதற்கு வேலை இல்லை.

சாபினின் திறந்த சன்னலை இங்கே நினைவுகூர்வோம். ஓட்டுக்கூரையும் மரச்சட்டமும் இருபுறமும் வரிசையாகத் திறந்த கதவுகளும் கொண்ட நம் பழைய கிராமக் கோவில்களில், பீடத்தில் நின்று பேசினால் கடைசி மனிதர்க்கும் கேட்கும். கிழவிகள் முன்னே இழுக்க ஊரே பின்னே பாடும். அவை இடிக்கப்பட்டு, கிரானைட் தரையும் கண்ணாடிச் சன்னலும் கான்கிரீட் கூரையுமாக எழும் புதிய ஆலயங்களில், குளிர்சாதனத்திற்காகக் கதவுகளும் அடைக்கப்படுகின்றன. ஒலி வெளியேற வழியில்லை; உறிஞ்ச மக்களைத் தவிர எதுவும் இல்லை. நேர்ச்சை செய்து பளிங்கு பதிப்பவர்கள் உண்டு. மரப்பலகைக்கும் கயிற்றுப் பாய்க்கும் நேர்ச்சை செய்வோரை நாம் இன்னும் காணவில்லை. மறைமாவட்டந்தோறும் கட்டடக் குழுக்கள் வரைபடத்தைப் பார்க்கும்போது தூணின் வலிமையைக் கேட்கின்றன, கோபுரத்தின் உயரத்தைக் கேட்கின்றன. இந்த மண்டபத்தில் பதிலுரைப் பாடலின் சொல் விளங்குமா என்று கேட்கும் குழு அரிது. அளக்கப் பெருங்கருவி எதுவும் வேண்டியதில்லை. வெற்று மண்டபத்தில் ஒருவர் கைதட்ட, மற்றவர் கடிகாரத்தைப் பார்த்தால் போதும்.

இதன் விலை என்ன என்பதைப் பங்குகளில் இருப்போர் ஞாயிறுதோறும் காண்கிறோம். தம் குரல் தமக்கே கேட்காத இடத்தில் மக்கள் பாடுவதை நிறுத்திவிடுகின்றனர். பக்கத்தில் நிற்பவன் பாடுவது கேட்டால்தான் நாமும் பாடத் துணிவோம். பெட்டியின் பேரொலி அந்தப் பக்கத்துக் குரலைக் கொன்றுவிடுகிறது. அதன்பின் பங்கேற்பு என்பது கேட்டுக்கொண்டு நிற்பதாகச் சுருங்கிவிடுகிறது. வெனிசில் நடுமண்டபத்தில் நின்ற மக்களைப்போல.

கல்லாலயத்தை இடிக்கச் சொல்லவில்லை நாம். அதில் எதைப் பாடலாம் என்று அதையே கேட்கச் சொல்லுகிறோம். குறைந்த சொற்களும் நீண்ட உயிர்களும் கொண்ட தமிழ்ப்பாட்டுகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. சுருதியில் நின்று விருத்தம்போல் பாடப்படும் புலம்பல்கள் உண்டு, தாளம் விரையாத பழைய மாதா பாட்டுகள் உண்டு. பெரிய வியாழன் 'உன்னதங்களிலே' கீதத்திற்குப் பின் மணியும் ஓய்ந்து, மறுநாள் கருவிகளும் அடங்கிவிடும்போது, பெரிய கல்லாலயங்களில் ஒன்று நிகழ்வதைப் பலரும் கவனித்திருக்கலாம். குரு திருச்சிலுவையை ஏந்தி மும்முறை பாடுகிறார். ஒவ்வொரு முறையும் சுருதியை உயர்த்துகிறார். முதலடியின் முழக்கம் அடங்குமுன் இரண்டாம் முறையைத் தொடங்கினால் இரு சுருதிகளும் மோதும். எனவே அவர் காத்து நிற்க வேண்டியிருக்கிறது. மக்களின் மறுமொழி முகட்டைத் தொட்டு இறங்குகிறது. அது முழுவதும் இறங்கி முடிந்தபின், இன்னும் சில அடிகள் முன்னே நடந்து, அவர் அடுத்த சுருதியை எடுக்கிறார்.